ஏரிக்கரை நகரும் நம் பாளையமும்

ஆறு பாயாத ஊருக்கு எழில் இல்லை என்பது ஔவை மூதாட்டியின் கருத்து. மதுரை என்றவுடன் வையை நினைவுக்கு வருகிறது. உறந்தையையும் அரங்கத்தையும் காவிரியினின்று பிரித்து எண்ண முடியாது. நெல்லைக்குப் பொருநை உண்டு. கடல் கடந்து நோக்கினும் இலண்டனுக்குத் தேம்சும், பாரிசுக்குச் சீனும், கெய்ரோவுக்கு நைலும் தாயாக விளங்குவதைக் காண்கிறோம். ஆனால் நாம் வாழும் பெங்களூரோ எந்தப் பேராற்றின் கரையிலும் எழுந்ததன்று. அங்ஙனமாயின் இந்நகர் எதன் கரையில் வளர்ந்தது? நம் முன்னோர் இங்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்?

இவ்வினாக்களை ஆண்டு விழா மலரில் எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலனிப் பிள்ளைகள் பள்ளிப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தை நிரப்ப நேரும்போது எழுதுகோலை நிறுத்திவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்க்கின்றனர். தந்தையோ பாட்டனார் பிறந்த ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொல்கிறார். அவ்வூரைப் பிள்ளையும் கண்டதில்லை. சொன்ன தந்தையும் இரண்டொரு முறையே கண்டிருப்பார். பிறந்து வளர்ந்த ஜோகுபாளையத்தைச் சொந்த ஊர் என்று எழுதுவதற்கு நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? அதன் வரலாற்றை நாம் அறியாமையே காரணம் என்பது எம் எண்ணம். ஆதலின் இந்நகரின் பழைய பகுதிகளை ஒரு முறை உலாவி வருவோம்.

முகட்டின் இருபுறம்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், ஒரு நீண்ட மேட்டு முகட்டின்மீது அமைந்த நகரம். இம்முகட்டில் விழும் மழை இரு கூறாகப் பிரிகிறது. மேற்கே ஓடும் நீர் விருஷபாவதி என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, நந்தி மலையில் தோன்றி வரும் அர்க்காவதியில் கலந்து, முடிவில் காவிரியை அடைகிறது. கிழக்கே ஓடும் நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் சேர்கிறது. கன்னட நாட்டார் தட்சிண பினாகினி என்று போற்றும் ஆறே நம் தென்பெண்ணை. அது கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைச் சீமைகளைக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் புகுகிறது.

ஜோகுபாளையம் இம்முகட்டின் கிழக்குச் சரிவில் உள்ளது. நம் வீட்டுக் கூரையில் பெய்து ஓடும் மழைநீர், பல ஏரிகளைக் கடந்த பின், எவ்விடத்தினின்று நம் பாட்டனார் புறப்பட்டு வந்தாரோ அந்நாட்டு வயலுக்கே செல்லும் வழியுடையது. ஆறில்லாத நகரம் என்று நாம் சொல்வது ஒரு வகையில் பிழையே. இது இரண்டு ஆறுகளுக்குத் தலைமாடாக நிற்கும் நகரம்.

எனினும் தலைமாட்டில் நீர் தங்குவதில்லை, பிறந்தவுடன் ஓடிவிடும். அதனைத் தடுத்து நிறுத்தினாலன்றிக் குடிக்க நீரில்லை, உழவுக்கும் நீரில்லை. எனவே இங்கு வாழ்ந்த மக்கள் சரிவுதோறும் கரை கட்டினர். மேலேரி நிறைந்ததும் மிகுநீர் கலிங்கு வழியே கீழேரிக்கு இறங்கும். கீழேரி நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்குச் செல்லும். இவ்வேரிச் சங்கிலியே பெங்களூரின் ஆறாகும். கன்னடத்தில் ஏரியைக் 'கெரெ' என்பர். கலிங்கைக் 'கோடி' என்பர். பொம்மசந்திரா, சிங்கசந்திரா எனச் 'சந்திரா' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பல உள. அவை நிலவைக் குறிப்பன அல்ல. 'சமுத்திரம்' என்ற சொல்லின் தேய்வே அது. கடல் போன்ற ஏரியை உடைய ஊர் என்பது பொருள். நம் நாட்டில் அம்பாசமுத்திரம் என்றும் வாலாஜா பக்கத்தில் காவேரிப்பாக்கம் ஏரியென்றும் நீரைப் பெரிதாகப் போற்றியவர்களுக்கு இது புதிதன்று.

கல்லில் எழுதிய சான்று

இந்நகரின் பெயர் முதன்முதலில் கிடைக்கும் இடம் பேகூர். அங்குள்ள நாகேசுவரர் கோயிலில் ஏறத்தாழக் கி.பி. 890-ஐச் சேர்ந்த வீரக்கல் ஒன்று 'பெங்களூர்ப் போர்' என்று ஒரு சண்டையைக் குறிக்கிறது. கங்கர் காலத்துப் பழங்கன்னட எழுத்து அது. வெந்த காளுகளை (அவரைப் பயற்றை) அரசனுக்கு ஒரு கிழவி உண்ணக் கொடுத்தமையால் ஊருக்குப் பெயர் வந்தது என்னும் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அக்கதை ஹொய்சள மன்னன் ஒருவனைப் பற்றியது. கல்வெட்டோ அவன் காலத்திற்கு முந்தியது. கதை இனிது, கல் உறுதியானது.

அடுத்த சான்று நமக்கு மிக நெருக்கமானது. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1247-ஆம் ஆண்டினது ஒன்று, வேப்பூரில், அதாவது இன்றைய பேகூரில், வாழ்ந்த ஒருவர் நிலம் அளித்ததைக் கூறுகிறது. அந்நிலம் எங்கே இருந்தது? வெங்கலூரின் பெரிய ஏரிக்குக் கீழே இருந்தது என்று கல் சொல்கிறது. எண்ணிப் பாருங்கள்! எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் எழுத்தில் நிற்கும் இந்நகரின் பெயரோடு உடன் நிற்பது அரண்மனையன்று, கோட்டையன்று, ஓர் ஏரி. நகரின் அடையாளமே அந்நீர்நிலையாக இருந்தது போலும்.

மடிவாளம் வரை செல்ல இயலாதார் தெற்கே நடைத் தொலைவிலுள்ள தொம்மலூருக்குச் செல்லலாம். அங்கே மேட்டின்மீது நிற்கும் சொக்கநாத சுவாமி கோயிலிலும் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உள. தும்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் அவ்வூர் அக்காலத்தில் வழங்கியதை அவற்றால் அறிகிறோம். சொக்கநாதர் என்ற பெயரைக் கேட்டு மதுரைச் சிவபெருமானை எண்ணிச் செல்வோர், உள்ளே திருமாலைக் கண்டு வியப்பர்.

இக்கல்வெட்டுகளை எடுத்துக் காட்டுவது, 'இது எங்கள் ஊர்' என்று உரிமை கொண்டாடுவதற்கன்று. பேகூர்க் கல் கன்னடம். மடிவாளத்துக் கல் தமிழ். சில கல் தொலைவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. அதுவே நாம் கற்க வேண்டியது.

பேட்டைகள் எழுந்த கதை

இன்று நாம் காணும் நகருக்கு அடிகோலியவர் கெம்பேகௌடர். விசயநகரப் பேரரசுக்கு அடங்கிய எலகங்கத் தலைவராகிய அவர், 1537-ஆம் ஆண்டளவில் மண் கோட்டை எழுப்பி, அதனுள் பேட்டைகளை வகுத்தார். தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கும் நாற்சந்தியில் நான்கு ஏர்களைப் பூட்டி, நாற்றிசையும் உழச்செய்து, அச்சால்களையே தெருக்களாக அமைத்தார் என்பது வழக்காறு. அத்தொட்டபேட்டையே இன்றைய அவென்யூ சாலை.

அங்குள்ள தெருப்பெயர்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு சந்தை நம் கண்முன் எழும். அரளெபேட்டையில் பருத்தி, அக்கிபேட்டையில் அரிசி, பளெபேட்டையில் வளையல், கும்பாரபேட்டையில் குயவர், கானிகரபேட்டையில் செக்கார், நகரத்பேட்டையில் வணிகர். நம் நாட்டில் செக்கடித் தெருவும் குயவர் வீதியும் இருப்பது போன்றதே இம்முறை. தொழிலே தெருவுக்குப் பெயராயிற்று.

பேட்டைகளுள் திகளரபேட்டையை நாம் மறக்கலாகாது. திகளர் என்பது தமிழரைக் குறித்த பழைய கன்னட வழக்கு. தோட்டக் கலையில் வல்ல அம்மக்கள் நெடுங்காலம் முன்பே தமிழகத்தினின்று வந்தவர் என்பர். தர்மராயர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமி இரவில் அவர்கள் எடுக்கும் கரகமே இந்நகரின் தலையாய திருவிழா. திரௌபதியம்மனின் ஆற்றலைக் கரகமாகச் சுமந்து, மல்லிகை மணக்க நகர் வலம் வரும் அவ்விழாவைக் காண்போர்க்குச் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்கள் நினைவுக்கு வரும். கரகம் மஸ்தான் சாகிபு தர்காவிலும் நின்று செல்லும் வழக்கம் உண்டு. வந்தேறியவர் கொணர்ந்த தெய்வம் ஊர்த் தெய்வமான வரலாறு இது.

கெம்பேகௌடர் மரபினர் கோட்டையோடு நிற்கவில்லை, ஏரிகளையும் வெட்டினர். பேட்டைக்கு நீர் தந்த தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி ஏரி, நம் அல்சூர் ஏரி ஆகியவை அவர்களோடு சேர்த்துப் பேசப்படுவன. நகரின் நாற்புறமும் நான்கு காவற் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று அல்சூர் ஏரிக்கரையில் உள்ளது. அக்காலத்தில் பேட்டையினின்று நோக்குவோர்க்கு அல்சூர் ஒரு தொலைதூர எல்லை. கன்னடத்தில் ஹலசூரு, பலாத் தோப்பு நிறைந்திருந்தமையால் அப்பெயர் என்பர். பழங்கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகும். நம் 'பள்ளி' அவர்கள் 'ஹள்ளி', நம் 'பால்' அவர்கள் 'ஹாலு'. பலாவும் 'ஹலசு'வும் ஒரு வேரில் பிறந்த உடன்பிறப்புகளே. அவ்வூரின் சோமேசுவரர் கோயில் தூண்களிலும் கோபுரத்திலும் விசயநகரச் சிற்பியரின் கைவண்ணம் இன்றும் மங்காதிருக்கிறது.

தண்டு வந்தது

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே தங்கிய ஆங்கிலப் படையினரைக் காய்ச்சல் வாட்டியது. ஆகவே 1809-இல் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பேட்டைக்குக் கிழக்கே, அல்சூரை ஒட்டிய வெளியில், கூடாரங்கள் எழுந்தன. அதனைக் கன்னட மக்கள் 'தண்டு' என்றனர். படையைக் குறிக்கும் இச்சொல் நம் பழந்தமிழிலும் உள்ளது. பாளையம் என்பதும் படைவீட்டையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்பையும் குறிக்கும் சொல்லே. நம் ஜோகுபாளையம், சுல்தான்பாளையம், முனிரெட்டிபாளையம் என இந்நகரில் பாளையங்கள் பல உள.

வந்த படை சென்னைப் படை. படைவீரருடன் அவர்களுக்கு உணவு அளிப்போர், துணி வெளுப்போர், தைப்போர், கல் உடைப்போர், கட்டடம் கட்டுவோர், கணக்கு எழுதுவோர், குதிரை பேணுவோர் அனைவரும் வந்தனர். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், செங்கற்பட்டுச் சீமைகளினின்று மாட்டு வண்டிகள் வந்த வழியே பழைய சென்னைச் சாலை. நம் பாளையத்தின் அருகே செல்லும் அச்சாலையில் இன்று மேலே மெட்ரோ வண்டி ஓடுகிறது; கீழே உள்ள தடம் நம் பாட்டனார் வந்த தடம். 1864-இல் சோலையார்பேட்டையினின்று தண்டுக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் வருவோர் தொகை பெருகிற்று.

1780-இல் தோன்றிய சென்னைச் சாப்பர்ஸ் படைப்பிரிவின் இருப்பிடம் அல்சூர் ஏரிக்கரை ஆயிற்று. பாலம் கட்டுவதிலும் வழி அமைப்பதிலும் பேர் பெற்ற அவ்வீரர்களைத் 'தம்பி' என்றே ஏனைய படையினர் அழைப்பது வழக்கம். பிளாக்பள்ளி எனப்பட்ட இன்றைய சிவாஜிநகரில், செஞ்சிப் பக்கத்தினின்று வந்த தமிழ்க் கிறித்தவர்கள் வழிபட்ட சிறு கோயில் வளர்ந்து, 1882-இல் புனித மரியன்னை பேராலயமாக நிமிர்ந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே சாதி சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வதை நாம் அறிவோம்.

கட்டடங்களிலும் நம்மவர் கை உண்டு. கப்பன் பூங்காவில் செந்நிறத்துடன் நிற்கும் அட்டாரா கச்சேரி, பதினெட்டு அலுவலகங்களுக்காக 1864 முதல் 1868 வரை எழுப்பப்பட்டது. அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பொருள் ஈட்டியதோடு அவர் அமையவில்லை. 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அல்சூர்ப் பக்கத்தில் அவர் பெயரால் வளர்ந்த கல்வி நிலையங்களில் பயின்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணி முடியாது. வந்த ஊரில் ஈட்டியதை வந்த ஊருக்கே அளித்த பண்பு அது.

பெருநோயும் புது நகர்களும்

1898-இல் பிளேக் நோய் இந்நகரைத் தாக்கியது. நெருக்கமான தெருக்களில் மக்கள் மடிந்தனர். வீடுகளை விட்டு வெளியேறியோர் வெட்டவெளியில் குடிசை இட்டனர். 'பிளேக்கம்மா' என்று அந்நோயின் பெயராலேயே அம்மனை வழிபட்டனர். அத்துயரின் பின்னரே காற்றும் ஒளியும் புகும் அகன்ற தெருக்களோடு பசவனகுடியும் மல்லேசுவரமும் விரைந்து வளர்ந்தன. தண்டுப் பகுதியில் பிரேசர் டவுன் 1906-இல் தொடங்கப்பட்டது. இந்நூற்றாண்டுப் பிள்ளைகள் ஒரு கொள்ளைநோயைக் கண்டவர்கள். அவர்கட்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பேட்டை மைசூர் அரசின் கீழும் தண்டு ஆங்கிலேயர் ஆட்சியிலுமாக இரண்டு நகரங்களாய் இருந்தவை, 1947-இல் தண்டு திரும்ப அளிக்கப்பட்டு, 1949-இல் ஒரே மாநகராட்சி ஆயின. இதற்கிடையே 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் பழைய சென்னைச் சாலையில் தொலைபேசித் தொழிற்சாலையும் தோன்றின. சங்கொலி கேட்டு எழுந்து மிதிவண்டியில் விரைந்த ஒரு தலைமுறை நம் பகுதிகளில் குடியேறியது. 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. அதன் இல்லம் அல்சூர் ஏரிக்கு அருகே அமைந்தது மிகப் பொருத்தம்.

காவிரி வந்த வழி

ஏரிகளை நம்பிய நகருக்கு மக்கள் பெருக்கம் ஒரு சோதனை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தின் பின், 1882-இல் சாங்கி ஏரி கட்டப்பட்டது. 1890-களின் நடுவில் ஹெசரகட்டாவில் அர்க்காவதியைத் தேக்கி நீர் கொணர்ந்தனர். 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. அவையும் போதவில்லை.

காவிரி இந்நகருக்கு முதலில் நீராக வரவில்லை, ஒளியாக வந்தாள். சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902-இல் கோலார்த் தங்க வயலுக்குச் சென்றது. 1905-இல் பெங்களூரின் தெரு விளக்குகளை ஏற்றியது. நீராக அவள் வந்தது 1974-இல்தான். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவினின்று, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறாள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொணர வல்லது. நம் குழாயைத் திறக்குந்தோறும் விழுவது ஒரு மலையேறி வந்த ஆறு என்பதை இல்லத்தரசியர் நினைவில் கொள்வாராக!

காவிரியின் பெயரால் இந்நகர் கலங்கிய நாள்களும் உண்டு. 1991-இன் இறுதியிலும் 2016-இலும் நம் தெருக்களில் கதவடைத்து இருந்த இரவுகளை மூத்தோர் மறக்கவில்லை. அந்நாள்களில் அடுத்த வீட்டுக் கன்னட அன்னை நம் பிள்ளைகளைத் தம் வீட்டில் உறங்க வைத்த நிகழ்ச்சிகளையும் நாம் மறக்கலாகாது. 1991 முதல் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை எழுந்தது. ஏரி அமைதியாக இருந்தது. நாமும் அமைதி கற்றோம்.

மறைந்த ஏரிகள்

நம் பிள்ளைகள் உலா வரும்போது, இல்லாத ஏரிகளையும் பார்க்க வேண்டும். பேட்டைக்கு நீர் தந்த தர்மாம்புதி இன்று பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி இன்று கண்டீரவ விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியுள்ளது. சூளை ஏரி கால்பந்துத் திடலாயிற்று. சல்லகட்டா ஏரி கோல்ப் மைதானம் ஆயிற்று. கோரமங்கலத்து ஏரியில் வீரர்களுக்கான அடுக்கு வீடுகள் எழுந்தன. எஞ்சிய பெள்ளந்தூர் ஏரியோ கழிவு நீரால் நுரை பொங்கி, 2017-இல் தீப்பற்றியும் எரிந்தது. நீர் எரிந்தது என்று கதையில் படித்திருப்போம். நாம் அதனைக் கண்ணால் கண்டோம்.

அந்நீரில் நம் வீட்டுச் சாக்கடையும் கலந்திருந்தது. கலிங்கு வழியே நாம் அனுப்புவதுதான் கீழேரிக்குச் செல்கிறது. அங்கிருந்து தென்பெண்ணைக்கும், பாட்டனார் ஊர் வயலுக்கும் செல்கிறது. ஊரை விட்டு வந்தோம் என்று நாம் எண்ணுகிறோம். நம் கழிவு நாள்தோறும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

சொந்த ஊர் எது?

தொடங்கிய வினாவுக்கு மீள்வோம். மேலேரி தன்னை நிரப்பிக்கொண்டு, மிகுந்ததைக் கீழேரிக்கு விடுகிறது. கீழேரியில் புகுந்த நீர் பின்னர் அவ்வேரியின் நீரேயாகும். அவ்வூர் வயலுக்கே பாயும். ஆர்க்காட்டில் மிகுந்த நாம் இங்கு வந்து நிறைந்தோம். இங்குள்ள கல்லில் நம் மொழி 1247-இலேயே உண்டு; இங்குள்ள கட்டடத்தில் நம் வியர்வை உண்டு; இங்குள்ள மொழி நம் மொழியின் உடன்பிறப்பு. ஆதலின் விருந்தினரைப் போல் ஒதுங்கி நிற்கவும் வேண்டா. உடையவரைப் போல் செருக்கவும் வேண்டா. ஊரார் போல வாழ்வோம். ஊரார்க்குரிய கடமையைச் செய்வோம்.

எம் விண்ணப்பம் எளியது. இவ்விழா முடிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளின் கைபிடித்து நடந்து செல்லுங்கள். சோமேசுவரர் கோயில் தூண்களைக் காட்டுங்கள். ஏரிக்கரையில் வள்ளுவரைக் காட்டுங்கள். தொம்மலூர்க் கல்வெட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பெயர்ப் பலகைகளில் உள்ள கன்னட எழுத்தை அவர்கள் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். வீடு திரும்பிய பின் படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் 'ஜோகுபாளையம், பெங்களூர்' என்று அவர்கள் எழுதினால், பாட்டனார் வருந்த மாட்டார். வந்த இடத்தில் வேரூன்றவே அவர் வண்டி பூட்டினார்.